சீனி வருத்தத்துக்கு மூலிகைக் கப்சூல் தொடங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காலாவதித் திகதி பாருங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்பதெல்லாம் போத்தலிலேயே இருக்கிறது, அதை விடுவோம். வெள்ளவத்தையில் பாமசி கவுண்டரில் நிற்கிற எனக்கு, சீனி வருத்தத்துக்கு எடுக்கும் கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகையின் கப்சூல் இருக்கா என்று கேட்டு வருபவர்களோடு கொஞ்சம் கதைத்தாலே போதும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விட்ட அதே பிழைகளை இவர்களும் விடப்போகிறார்கள் என்று விளங்கிவிடும்.

கிளினிக்கில் வாய் திறக்காமல் இருப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். "இது இயற்கை தானே, டொக்டர் ஏசுவார், சொல்லத் தேவையில்லை" என்று குளிசைக்கு மேலே கப்சூலையும் போடுகிறார்கள். கொத்தல ஹிம்புட்டுவில் உள்ள சலசினோல், கொத்தலனோல் என்ற பொருட்கள், சாப்பாட்டின் மாச்சத்தையும் சீனியையும் குடலில் உடைக்கிற நொதியங்களைத் தடுக்கின்றன. டொக்டர்மார் எழுதும் அகார்போஸ் குளிசையும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆகவே நீங்கள் விழுங்குவது இன்னொரு மருந்து. சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயாவுக்கு அப்படித்தான் நடந்தது. கிளிக்லசைட்டோடு கப்சூலையும் போட்டுவிட்டு, பசியில்லை என்று இரவுச் சாப்பாட்டையும் விட்டிருக்கிறார். விடியப்புறம் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சும் தடுமாறிவிட்டது. வீட்டுக்காரர் பதறிப்போய் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆள் தெளிய மெத்த நேரம் எடுத்தது. ஏன் தெரியுமா? நாம் தேநீருக்குப் போடும் சீனி சுக்குரோஸ். அதை உடைக்கவேண்டிய நொதியத்தைத்தான் கப்சூல் தடுத்து வைத்திருக்கிறது! இந்த நேரத்தில் கொடுக்கவேண்டியது பாமசியில் விற்கும் குளுக்கோஸ் தூள், அதை உடைக்கவே தேவையில்லை. தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளிக்லசைட் உடம்பில் இருக்கும்வரை சீனி மறுபடி இறங்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கப்சூலால் குறைந்த சீனியைப் பார்த்து டொக்டர் குளிசையைக் குறைப்பார், நீங்கள் போத்தல் முடிந்ததும் நிறுத்துவீர்கள், அடுத்த கிளினிக்கில் சீனி ஏறி நிற்கும். காரணம் தெரியாத டொக்டர் பாவம் என்ன செய்வார்? போத்தலையே கையில் கொண்டுபோய்க் காட்டி, பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

மரக் கோப்பையும் கப்சூலும் ஒன்று என்று நினைப்பது

கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையில் இரவு முழுக்க ஊறிய தண்ணீர் வேறு, செறிவாக்கிய சாறு வேறு. லேபலில் 10:1 என்று இருந்தால் 10 கிலோ மூலிகையிலிருந்து 1 கிலோ சாறு எடுத்திருக்கிறார்கள், அதாவது 500 மில்லிகிராம் கப்சூலில் இருப்பது 5 கிராம் மூலிகையின் சாறு. மஞ்சளும் அப்படித்தான். கறிக்குப் போடும் தூளில் மஞ்சளின் முக்கிய சத்தான குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம், சாற்றில் 95 சதவீதம் வரை வரும், உடம்பு கூடுதலாக உறிஞ்சட்டும் என்று மிளகுச் சத்தையும் சேர்ப்பார்கள். அம்மம்மா காலம் முழுக்கச் சாப்பிட்ட மஞ்சள் என்று தைரியமாக இருக்காதீர்கள், இந்த வகைக் கப்சூல் எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்தது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது.

கர்ப்ப காலம், பால் கொடுக்கும் காலம்

வேண்டாம்.

ஒரே நாளில் மூன்று போத்தல் தொடங்குவது

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.

ஒப்பரேஷனுக்கு முன் சொல்லாமல் விடுவது

உள்ளி, கிங்கோ என்ற மூலிகை, மஞ்சள் ஆகியவற்றின் சாறுகள் இரத்தப்போக்கைக் கூட்டலாம். பொதுவாக 2 கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆகவே திகதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

உடம்பு காட்டுவதைப் பார்த்தும் தொடர்வது

வயிற்று ஊதலும் வாயுவும் கொத்தல ஹிம்புட்டுவோடு வரக்கூடியவைதான். ஆனால் கண் மஞ்சளாகி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், எந்தச் சாறாக இருந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு, போத்தலோடு டொக்டரிடம் போங்கள்.