கலைக்கூடத்தில் உடன் உழைப்போரை உறவாக்கிக்கொள்வது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து நகரங்களில், கடைவரிசைகளின் மேல்மாடிகளில் இன்று சிறு சிறு கலைக்கூடங்கள் இயங்குகின்றன. திருமணப் படப்பிடிப்பு, காணொளித் தொகுப்பு, அழைப்பிதழ் வடிவமைப்பு, கோயில் திருவிழாப் பதாகை, மணமேடை அலங்காரம் என்று அங்கே நடக்கும் வேலை பலவகை. ஆட்கள் நான்கைந்து பேர்தாம். உடன் படித்தவர்களில் பலர் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்ட ஊரில், தங்கிவிட்ட ஓர் இளைஞரின் தொழிலில் உள்ள மகிழ்ச்சியையும் சலிப்பையும் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் பெரும்பாலும் பக்கத்து மேசையில் இருப்பவர்களே. வீட்டாருக்கு அன்பு உண்டு. ஆனால் ஒரு நிமிடக் காட்சிக்காக இரவெல்லாம் ஏன் கண்விழிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு விளங்கவைப்பது எளிதன்று. பக்கத்து மேசையின் உறவு தானாக அமையும் என்று காத்திராமல், அதை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

உடன் உழைப்பவரை உறவாகக் கொள்வது நம் மக்களுக்குப் புதிதன்று. தோட்டங்களில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒன்றாக நின்றவர்கள், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். பிள்ளைகள், பெற்றோர் வேலைக்குப் போகும்போது விடப்படும் ஒரே ஆயாக் கொட்டகையில் வளர்ந்தார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து சாப்பாடு வந்தது. இந்த நினைவைப் பெருமையோடு சொல்பவர்கள் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிகள் பெரும்பாலும் அதே ஊரையும் உறவையும் சார்ந்தவர்களாகவே இருந்தார்கள். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று நிர்வாகத்திடமிருந்து அவர்களுக்குக் காசு கிடைத்தது. உறவு ஆறுதலாகவும் இருந்தது, ஆளைக் கட்டிப்போடும் கயிறாகவும் இருந்தது. எனவே ஒரு கலைக்கூடத்தில் குடும்ப உணர்வை வளர்க்க விரும்புபவர், அந்த உணர்வு யாருடைய உழைப்பையும் விழுங்கிவிடாதபடி முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குங்கள். முதலாளி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், சம்பள காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும், அது சட்டம். 2023ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து, வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை நேரத்தின் உச்ச அளவு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் பெறுவோருக்குக் கூடுதல் நேர வேலைக்கு, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு வீதம் கொடுக்க வேண்டும். 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்திற்கு ஊழியர் சேம நிதியில் முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் செலுத்த வேண்டும். அந்தப் பணம் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்நிதியின் ஐ-அக்காவுன் செயலியில் எவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம். 'நாமெல்லாம் ஒரே குடும்பம், இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கலாமா' என்று ஒருவர் கேட்டால், குடும்பம் என்பதற்காகவே கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்வோம் என்று மரியாதையுடன் பதில் சொல்லுங்கள். மனத்தில் வைத்துக்கொண்டு புழுங்குவதைவிட அது உறவுக்கு நல்லது.

சம்பளத்தை அடுத்துப் பெயர் வருகிறது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பின் உரிமை முதலாளியைச் சேரும். ஆனால் படைத்தவரின் பெயருக்கு உள்ள உரிமையை அதே சட்டம் தனியே மதிக்கிறது. ஆகவே, திருமணக் காணொளியின் இறுதியில் படம் பிடித்தவர், தொகுத்தவர், வண்ணம் திருத்தியவர், எழுத்து வடிவமைத்தவர் ஆகிய எல்லாருடைய பெயரும் வரும்படி ஒரு நிலையான அமைப்பைச் செய்துவையுங்கள். வார இறுதியில் மட்டும் வரும் ஒப்பனைக்காரரையும், ஒளிவிளக்குத் தூக்கிய தம்பியையும் விட்டுவிடாதீர்கள். கலைத் தொழிலில் மனக்கசப்பு பணத்தில் தொடங்குவதைவிடப் பெயர் விடுபட்டதில் தொடங்குவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இவை ஒழுங்கான பிறகு, நாள்தோறும் ஒரு வேளையேனும் சேர்ந்து உண்ணுங்கள். காலைப் பசியாறல் இதற்கு மிகப் பொருத்தம். மதியத்தில் ஒருவர் வாடிக்கையாளரோடு இருப்பார், இன்னொருவர் வெளிப்படப்பிடிப்பில் இருப்பார். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாக அரைமணி நேரம் போதும். கூடத்தில் மலாய்க்கார நண்பரோ சீன நண்பரோ இருந்தால், எல்லாரும் கூச்சமின்றி உண்ணக்கூடிய கடையைத் தேர்ந்தெடுங்கள். நோன்பு மாதத்தில் காலை மேசையை மாலைக்கு மாற்றி, நோன்பு திறக்கும் நேரத்தில் சேர்ந்து உட்காருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். புரட்டாசி மாதத்தில் சைவம் உண்பவருக்கு மீன்குழம்பை நீட்டி, 'ஒரு நாள் சாப்பிட்டால் என்ன' என்று வற்புறுத்தாதீர்கள். உணவு மேசையில் வேலையைப் பேசக் கூடாது என்று விதி போடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையை நேசிப்பவர்கள் அதைப் பேசத்தான் செய்வார்கள். கெடு தேதியையும் தவறுகளையும் மட்டும் மேசைக்குக் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

இனி, கலைத் தொழிலுக்கே உரிய கடினமான பகுதிக்கு வருகிறேன். ஒருவர் வரைந்த படத்தைச் சரியில்லை என்று சொன்னால், தம்மையே சரியில்லை என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்கிறார். உடன் உழைப்போர் இடையே நெருக்கம் வளர்வதும் முறிவதும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். வேலை முடிந்து, வாடிக்கையாளருக்கு அனுப்பப் போகும் நேரத்தில் கருத்துச் சொன்னால், அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் கேட்பவருக்குத் தண்டனையாகவே படும்; திருத்த நேரமில்லாதபோது குறையைக் கேட்டு என்ன பயன்? ஆகவே, பாதி வேலையைக் காட்டும் பழக்கத்தை உண்டாக்குங்கள். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒவ்வொருவரும் தாம் செய்துகொண்டிருப்பதை முடிக்காத நிலையிலேயே திரையில் போட்டுக் காட்டட்டும். மூத்தவரே முதலில் தம் அரைகுறை வேலையைக் காட்ட வேண்டும். அவர் காட்டினால்தான் புதிதாக வந்தவருக்குத் துணிவு வரும்.

காட்டுபவர் தமக்கு எதில் உதவி வேண்டும் என்பதை முதலில் சொல்லட்டும். 'தாலி கட்டும் காட்சிக்கு முந்தைய பகுதி நீண்டுவிட்டதா என்று பாருங்கள்' என்று அவர் கேட்டால், பார்ப்பவர்கள் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். எழுத்துருவையும் இசையையும் பற்றிய கருத்துகளை அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். குறையைச் சொல்பவர் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆளைப் பார்த்தன்று. 'நீ எப்போதும் அவசரப்படுகிறாய்' என்பதைவிட, 'இந்த இடத்தில் மணமகளின் தாயார் அழுவது அரை நொடியில் போய்விடுகிறது' என்பது திருத்தத்திற்கு உதவும். வாட்ஸ்அப் குழுவில் எவருடைய வேலையையும் குறைசொல்லாதீர்கள். எழுத்தில் குரலின் கனிவு போய்ச் சேர்வதில்லை. பாராட்டைக் குழுவில் போடுங்கள், குறையை அருகில் அமர்ந்து பேசுங்கள்.

வாடிக்கையாளர் கோபப்படும் நாளில்தான் உறவின் தரம் தெரியும். அழைப்பிதழில் முகூர்த்த நேரம் பிழையாக அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் பேசுபவர், 'எங்கள் பிழை, நாங்கள் திருத்தித் தருகிறோம்' என்று பன்மையில் பேச வேண்டும். தட்டச்சு செய்தவரின் பெயர் கூடத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பை இனி இரண்டு பேருக்குக் கொடுப்பது எப்படி என்று பேசலாம். வெளியாரிடம் ஒருமுறை காப்பாற்றப்பட்டவர் அதை நெடுங்காலம் மறப்பதில்லை.

நம் தொழிலுக்குப் பருவம் உண்டு. தை மாதத்திலும் ஆவணியிலும் திருமணங்கள் குவியும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வாழ்த்து அட்டையும் விளம்பரமும் உறங்க விடாது. அந்த நாள்களில் குடும்ப உணர்வை வளர்க்கப் புதிய திட்டம் எதுவும் போடாதீர்கள். ஒருவருக்கொருவர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதும், இரண்டு மணி நேரம் தூங்கி வரும்படி முறைவைத்து அனுப்புவதும் போதும். ஆடி மாதத்தில் திருமணங்கள் நின்றுவிடும். அந்த ஓய்வை வீணாக்காமல், ஒருவர் அறிந்ததை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் காலமாக ஆக்குங்கள். படம் பிடிப்பவர் தொகுப்பு மேசையில் ஒரு வாரம் அமரட்டும். வடிவமைப்பவர் கேமராவைத் தூக்கட்டும். மற்றவரின் வேலை எவ்வளவு கடினம் என்பதைக் கையால் செய்து பார்த்தவர், பிறகு அவரைக் குறைசொல்லும்போது நாவடக்கத்துடன் பேசுகிறார்.

பொதுவாக ஒரு சிறு நிதியும் வைத்துக்கொள்ளலாம். நீண்ட காலம் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களை வாங்க முடிந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் வரலாறாகத் தோன்றாது. மாதம் ஆளுக்குப் பத்து ரிங்கிட் சேர்த்தாலும் ஒரு நினைவகக் கருவிக்கோ ஒருவரின் அவசர மருத்துவச் செலவுக்கோ உதவும். ஆனால் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பணத்தை ஒருவரும் கணக்கை இன்னொருவரும் வைத்திருக்கட்டும். நிதிக்கு வெளியே ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. கொடுப்பதாயின், திரும்பி வராவிட்டாலும் வருந்தாத தொகையைக் கொடுங்கள்.

நல்லது கெட்டதற்குப் போய் நிற்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. நம்மவர்களுக்கு அது தெரியும். பிற இனத்து நண்பர்களின் வீடுகளுக்குப் போகும்போது மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர் வீட்டில் அடக்கம் விரைவில் நடந்துவிடும் என்பதால், செய்தி வந்ததும் புறப்பட வேண்டும். சீனர் வீட்டுத் துக்கத்திற்குப் பணத்தை வெள்ளை உறையில் கொடுப்பதே வழக்கம், சிவப்பு உறை கூடாது. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகியவற்றின் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூடத்தினர் எல்லாரும் ஒன்றாகப் போய் வருவதும் நல்ல வழக்கம்.

உறவு முறை சொல்லி அழைப்பது நம் பழக்கம். அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று அழைப்பதில் இதமும் உண்டு. ஆயினும் அது எவருக்கும் உரிமம் ஆகிவிடக் கூடாது. தங்கை என்று அழைத்துக்கொண்டே இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணைத் தனியாக மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்புவது தவறு. இரவுப் படப்பிடிப்பை ஒப்புக்கொள்ளும்போதே அவர் வீடு சேரும் ஏற்பாட்டையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். தொடுகையோ பேச்சோ எல்லை மீறினால், 'அண்ணன்தானே' என்று சமாதானம் சொல்லி மூடிவிடாதீர்கள். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டுள்ளது. வேலையிடத்தில் இது குறித்த அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பதும் முதலாளியின் கடமை. சாதியைக் கேட்காதீர்கள், சுற்றி வளைத்தும் கேட்காதீர்கள். திருமணம் எப்போது, குழந்தை எப்போது என்று துளைக்காதீர்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும் ஒருவர், கூடத்தின் மீது அன்பில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு வேறோர் இடத்தில் நிறைவான குடும்பம் இருக்கக்கூடும். அவரையும் மற்றவர்களைப் போலவே நடத்துங்கள்.

என்றாவது ஒருவர் நல்ல வாய்ப்புக் கிடைத்துக் கோலாலம்பூருக்குப் புறப்படுவார். இதைத் துரோகமாகப் பேசும் கூடங்கள் உண்டு. அப்படிப் பேசினால், இருப்பவர்களும் மனத்தை மூடிக்கொள்வார்கள். கடைசிச் சம்பளத்தையும் எஞ்சிய விடுப்பையும் முறையாக முடித்துக்கொடுங்கள். அவர் பங்காற்றிய வேலைகளில் எவற்றைத் தம் படைப்புத் தொகுப்பில் காட்டலாம் என்பதை எழுத்தில் கொடுத்தனுப்புங்கள். பேரங்காடி விளம்பரமோ தொலைக்காட்சி வேலையோ அங்கே அவர் கைக்கு வரும்போது, தொகுப்புப் பணியை அவர் முதலில் உங்களிடம் அனுப்புவார். அவருடைய இடத்திற்கு வரும் புதியவரிடம், போனவரின் திறமையை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். சிறியதானாலும் முழுமையான ஒரு வேலையை, ஒரு காதணி விழாவின் இரண்டு நிமிடக் காணொளியை, தொடக்கம் முதல் இறுதிவரை அவரிடமே ஒப்படைத்து, அதன் முடிவில் அவர் பெயரை முதல் வரியில் போடுங்கள்.