இரண்டு ஊசி, ஒரு பூ: வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாசித் தையல்

பாசி வேலை என்றதும் மாலை, வளையல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிக் கலைஞர்கள் அதை வைத்து வரலாற்றையே கேள்வி கேட்கிறார்கள். அல்கான்குவின் இனத்தைச் சேர்ந்த கலைஞர் நாடியா மையர் 2000-களின் தொடக்கத்தில் 230-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, பூர்வகுடிகளைக் கட்டுப்படுத்தக் கனடா அரசு போட்ட ‘இந்தியர் சட்ட’த்தின் 56 பக்கங்கள் மேல் பாசி தைத்தார், எழுத்துக்குப் பதில் வெள்ளைப் பாசி, காகிதத்தின் வெற்றிடத்துக்குச் சிவப்பு. கிரீ இனத்தைச் சேர்ந்த ரூத் கட்ஹண்ட், பெரியம்மை போன்ற நோய்களின் கிருமிகளை நுண்ணோக்கியில் தெரிகிற வடிவத்தில் பாசியால் தைத்தார். எவ்வளவு அழகு என்று கிட்டே போய்ப் பார்த்தால் அது கிருமி! கண்ணாடிப் பாசியும் அந்த நோய்களும் ஐரோப்பியர்களோடுதான் அந்த மண்ணுக்கு வந்தன என்பது தெரிந்தவருக்கு மனம் கனத்துப்போகும்.

சரி, கையில் ஊசியை எடுப்போம். அனிஷினாபே, மேட்டீ, கிரீ ஆகிய பூர்வகுடி மக்கள் பூ வேலைக்குப் பயன்படுத்துகிற இரட்டை ஊசித் தையல் இது. 11 நம்பர் கண்ணாடிப் பாசி (ஏறக்குறைய 2 மி.மீ.), 10 அல்லது 11 நம்பர் பாசி ஊசி இரண்டு, உறுதியான நைலான் நூல், ஃபெல்ட் துணி, அதற்கு அடியில் வைக்கத் தையல் கடையில் கிடைக்கும் விறைப்பான கேன்வாஸ், இவை போதும். நூலில் தேன்மெழுகு தடவினால் சிக்கு விழாது. பாசி வாங்கும்போது மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள், ஏனென்றால் அளவு ஒத்துவராத மலிவுப் பாசியில் எவ்வளவு பொறுமையாகத் தைத்தாலும் கோடு நெளியும்.

தைக்கப் போகும் படத்தை நீங்களே துணியின் மேல் வரையுங்கள். உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற செம்பருத்தி போதும். பூர்வகுடிகளின் பூ வடிவங்களில் பல, குடும்பம் குடும்பமாகக் கைமாறி வருபவை. தையல் முறையைக் கற்றுக்கொள்வது வேறு, அடுத்த வீட்டுப் பாட்டியின் பூவை எடுத்துக்கொள்வது வேறு.

இப்போது முதல் ஊசியைக் கோட்டின் தொடக்கத்தில் அடியிலிருந்து மேலே இழுத்து, நாலைந்து பாசி கோர்த்துக் கோட்டின் மேல் படுக்க வையுங்கள். இரண்டாவது ஊசி இரண்டாம் மூன்றாம் பாசிகளுக்கு நடுவே மேலே வந்து, முதல் நூலைத் தாண்டி, உடனே கீழே இறங்க வேண்டும். அது பாசிக்குள் நுழையாது, நூலை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு பாசிக்கு ஒரு பிடி; வளைவு வந்தால் ஒவ்வொரு பாசிக்கும் ஒன்று. பூவின் உயிரே வளைவில்தான் இருக்கிறது, அங்கே அவசரப்பட்டால் இதழ் முறிந்த மாதிரி தெரியும். நூலை இறுக்கினால் துணி சுருங்கும், தளர விட்டால் பாசி எழும்பி நிற்கும், அந்த நடுப்பதம் தைக்கத் தைக்கக் கைக்கு வந்துவிடும்.

முதலில் இதழின் ஓரம் முழுக்க ஒரு வரிசை, அப்புறம் அதை ஒட்டியே உள்ளே உள்ளே வரிசைகள். நேர்கோடாக நிரப்பாதீர்கள், இதழின் வளைவைப் பின்பற்றினால்தான் வெளிச்சம் பட்டதும் பூ அசைகிற மாதிரி இருக்கும். நிறத்தை அடர்த்தியிலிருந்து வெளிறலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேட்டீ கலைஞர்கள் பலர் எங்கேயாவது ஒரு பாசியை வேண்டுமென்றே வேறு நிறத்தில் வைப்பார்கள்.

முடிந்ததும் ஓரத்தை வெட்டி, பின்னால் மெல்லிய தோல் வைத்து, விளிம்பைப் பாசியாலேயே கட்டுங்கள்: ஒரு பாசி கோர்த்து, அதன் அகலம் தள்ளி எல்லா அடுக்கிலும் ஊசியைச் செலுத்தி, அதே பாசிக்குள் கீழிருந்து மேலே இழுத்தால் அது நிமிர்ந்து நிற்கும். விற்கப் போகிறீர்கள் என்றால் ‘பூர்வகுடிக் கைவினை’ என்று எழுதாதீர்கள். அமெரிக்காவில் அப்படிப் பொய்யாகச் சொல்லி விற்பதை 1990-இல் வந்த சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தைத்தவர் பெயராக உங்கள் பெயரைப் போட்டு, இந்தத் தையலை யாரிடமிருந்து கற்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.