வீட்டில் ஒரு சிறு மில்லிங் மெஷின்: இறக்கி வைப்பதிலிருந்து முதல் கட்டை வரை

செட்டிநாட்டு வீடுகளின் நிலையும் கதவும் நூறாண்டு கடந்த பின்னும் பர்மாத் தேக்கின் உறுதியோடு நிற்கின்றன. தேய்வதும் உடைவதும் அவற்றில் பூட்டிய பித்தளையும் இரும்பும்தான்: தாழ்ப்பாள், கீல், கொண்டி, பூட்டின் நாக்கு. அவற்றுக்கு மாற்று கடைகளில் கிடைப்பது அரிது. ஒற்றைத் துண்டு வேலைக்காக லேத் பட்டறையில் காத்துக் கிடப்பதும் எளிதல்ல. எங்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் நான் ஒரு சிறிய மில்லிங் மெஷினை நிறுவியது இதற்காகத்தான். அதே எண்ணம் கொண்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மெஷின் வந்த முதல் வாரத்தில் எதையும் வெட்டாதீர்கள் என்பதே. மெஷினை அசையாமல் நிறுவுவது, நேராக்குவது, வேலைப்பொருளைப் பிடிப்பது ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் சிறிய மெஷினும் 0.02 மி.மீ. துல்லியத்துக்கு வேலை செய்யும். அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் செய்யாது. நம் ஆசாரிகள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து அளப்பவர்கள்; ஒரு நூல் மூன்று மி.மீட்டருக்குச் சற்றே மேல். இங்கே நாம் பேசும் அளவு அந்த ஒரு நூலை நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பங்காகப் பிரித்தால் வருவது என்பதை மனத்தில் கொண்டால், கீழே சொல்லும் முன்னேற்பாடுகள் மிகையாகத் தோன்றா.

லேத்தில் வேலைப்பொருள் சுழலும். மில்லிங் மெஷினில் கட்டர் சுழல, வேலைப்பொருளைத் தாங்கிய மேசை நகரும். ஆகவே உருண்டை வேலைக்கு லேத்தும், தட்டையான பக்கம், பள்ளம், காடி ஆகியவற்றுக்கு மில்லிங்கும் உரியவை. வீட்டுக்கு ஏற்றது பெஞ்சின் மேல் வைக்கும் வகை. ‘எக்ஸ்2’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படும் சீன வடிவம் ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளது; இருவர் தூக்கிவிடலாம். உருண்டைத் தூண் கொண்ட மெஷின்களை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தலைப்பகுதியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அது சற்றுத் திரும்பி, பிடித்து வைத்த இடத்தை இழந்துவிடும். துளையிடும் மெஷினில் நகரும் மேசை ஒன்றைப் பூட்டி மில்லிங் செய்யும் எண்ணத்தையும் கைவிடுங்கள். அதன் பேரிங்குகள் மேலிருந்து வரும் அழுத்தத்துக்காக அமைக்கப்பட்டவை, பக்கவாட்டு இழுப்பை அவை தாங்கா. கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டுதான் ஸ்பின்டில்; அதன் கூம்புத் துளை ‘எம்டி3’, ‘ஆர்8’ என இரு வகையில் வரும். எம்டி3 சரிவு குறைந்ததால் இறுகப் பற்றிக்கொள்ளும். கழற்ற மேலிருந்து தட்ட வேண்டும், அந்த அடி பேரிங்கின் மேல் விழும். ஆர்8 இலேசான தட்டுக்கே விட்டுவிடும். இரண்டும் கிடைத்தால் ஆர்8 வாங்குங்கள். பணம் முழுவதையும் மெஷினிலேயே செலவிடாமல், வைஸ் (வேலைப்பொருளைப் பிடிக்கும் இடுக்கி), கட்டர், காலட் (கட்டரைச் சுற்றி இறுகப் பிடிக்கும் பிளந்த குழல்), டயல் கேஜ் (நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவி) ஆகியவற்றுக்கு மெஷின் விலையில் பாதியாவது ஒதுக்கி வையுங்கள்.

இடம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். முகப்பும் வளவும் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடம்) இதற்கு உரியவையல்ல. நம் வீடுகளில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறோம், குழந்தைகள் தவழ்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத இரும்புச் சீவல் ஒன்று உள்ளங்காலில் ஏறினால் எடுப்பது கடினம். கதவுள்ள தனி அறையோ பின்கட்டுக் கொட்டகையோ போதும்; அங்கே மட்டும் அணியும் செருப்பு ஒன்றை வாசலில் வையுங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் கனமான பிளைவுட் விரித்த பிறகே பெஞ்சை ஏற்றுங்கள்: அது சூளையில் சுடாத சிமென்ட் கல், எண்ணெய் இறங்கினால் கறை போகாது. பெஞ்சை 50 மி.மீ. இரும்பு ஆங்கிளில் வெல்டிங் செய்து, மெஷினை அதன்மேல் நான்கு போல்ட்டுகளால் இறுக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பெஞ்சைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தின் மேல் முட்டை வெண்கரு கலந்து மெழுகிய நம் பழைய சுவர்கள் அதிர்வில் விரிசல் விடும், அந்தப் பூச்சை இன்று மீண்டும் போடக்கூடிய கைகள் மிகச் சிலவே.

மின்சாரம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒற்றைப் பேஸே போதுமானது. ஆனால் பழைய வயரிங்கில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

புதிய மெஷின் துருத்தடுப்புக் கிரீஸ் பூசப்பட்டு வரும். அதை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, சறுக்குப் பாதைகளில் புது எண்ணெய் இடுங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசு அந்தப் பாதைகளில் படிந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். வேலை இல்லாத நேரத்தில் மெஷினைத் துணியால் மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த முற்றத்தின் வழியே ஈரக்காற்று வீட்டுக்குள் உலவும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறையேனும் மேசையில் எண்ணெய் தடவாவிட்டால் வார்ப்பிரும்பு துருப்பிடித்துவிடும்.

இனி நேராக்குவது. இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கினாலும் தகும். ஸ்பின்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதே கேள்வி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பின்டிலிலிருந்து 100 மி.மீ. நீண்ட கம்பி ஒன்றின் முனையில் டயல் கேஜைப் பொருத்துங்கள். மேசையின் டி-ஸ்லாட் பள்ளங்களில் கேஜின் முனை விழுந்து எழாமலிருக்க, 8 மி.மீ. கனமுள்ள கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையின் மேல் வையுங்கள். ஆத்தங்குடிக் கல்லுக்கு வழவழப்பைத் தருவது அதை வார்க்கும் கண்ணாடியின் சமதளம்; அதுவே இங்கும் உதவுகிறது. ஸ்பின்டிலைக் கையால் மெல்லச் சுழற்றி, இடம், வலம், முன், பின் என நான்கு இடங்களில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இடவல வேறுபாட்டைத் தூணின் பெரிய நட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் இலேசாகத் தட்டிச் சரிசெய்யலாம்; நட்டை இறுக்கும்போது அளவு மறுபடி நகரும், மனம் தளராமல் திரும்பச் செய்ய வேண்டும். முன்பின் வேறுபாட்டுக்குத் தூணின் அடியில் மெல்லிய தகடு செருக வேண்டும். குளிர்பான அலுமினிய டின்னிலிருந்து வெட்டிய துண்டு ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம் இருக்கும். 200 மி.மீ. அகலத்துக்கு 0.02 மி.மீ. வேறுபாடு எட்டினால் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து வைஸை மேசையில் வைத்து, அதன் அசையாத் தாடையின் நெடுக்கே அதே கேஜை ஓட்டி, முள் அசையாத நிலையில் இறுக்குங்கள்.

கட்டர்களில் 6, 10 மி.மீ. அளவுள்ள எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) எண்ட் மில் (முனையிலும் பக்கத்திலும் வெட்டும் கட்டர்) தொடக்கத்துக்குப் போதும்: அலுமினியத்துக்கும் காடிக்கும் இரண்டு பல், இரும்புக்கு நான்கு பல். எண்ட் மில்லைக் காலட்டில் மட்டுமே பிடிக்க வேண்டும். காலட் வந்து சேருமுன் பொறுமையிழந்து, டிரில் சக்கில் எண்ட் மில்லைப் பூட்டி நான் ஒருநாள் வெட்டினேன். பக்கவாட்டு அதிர்வில் சக்கு தன் சரிவுப் பிடியை விட்டுக் கட்டரோடு கழன்று விழுந்தது. கட்டர் ஒடிந்து, அதன் ஒரு துண்டு என் தலைக்கு மேல் சுவரில் பட்டது. அன்று பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தேன் என்பது மட்டுமே என் நற்பேறு. கண்ணாடி இல்லாமல் ஒரு நொடியும் வெட்டாதீர்கள். வேட்டி, தோள் துண்டு, துப்பட்டா, மோதிரம், வளையல், கையுறை எவையும் மெஷின் அருகே வரக் கூடாது. சீவலைக் கையால் அல்ல, பிரஷால் மட்டுமே தள்ளுங்கள்.

வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: வெட்டு வேகத்தை (கட்டரின் பல் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதை) 320 ஆல் பெருக்கி, மி.மீட்டரில் கட்டரின் விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். எச்எஸ்எஸ் கட்டருக்கு எம்.எஸ். (மென் எஃகு) இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் கொண்டால், 10 மி.மீ. கட்டர் 800 சுற்றில் ஓட வேண்டும். அலுமினியத்தில் 75 மீட்டர், அதாவது 2400 சுற்று. இரும்பில் பல் ஒன்றுக்கு 0.025 மி.மீ. நகர்வு என்று வைத்தால், நான்கு பல்லுக்கு மேசையை நிமிடம் 80 மி.மீ. தள்ள வேண்டும், ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் கைச்சக்கரத்தை ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை சுற்றுவது அது. பயந்து இதைவிட மெதுவாகத் தள்ளினால் பல் வெட்டாமல் உரசி மழுங்கிப்போகும். சீவல் வெள்ளியாக வந்தால் சரி; நீலம் பாய்ந்து வந்தால் சுற்றைக் குறையுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தடவுங்கள், பித்தளையை உலர்வாகவே வெட்டுங்கள்.

வேலைப்பொருள் எப்போதும் கட்டர் பல் சுழலும் திசைக்கு எதிராக நகர வேண்டும். ஒரே திசையில் நகர்ந்தால் மேசைத் திருகில் உள்ள தளர்வு இடைவெளி அளவுக்குக் கட்டர் மேசையை வெடுக்கென இழுத்துக்கொள்ளும்.

முதல் வேலையாக ஒரு பித்தளைக் கட்டையைச் சதுரமாக்குங்கள், அதாவது அதன் பக்கங்களை ஒன்றுக்கொன்று செங்கோணமாக்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய வார்ப்புப் பித்தளையை இதற்கு எடுக்க வேண்டாம். வார்ப்பின் மேல்தோலில் மணல் பதிந்திருக்கலாம், அது கட்டரை மழுக்கும். புதிய பட்டையிலிருந்து 25 × 40 × 70 மி.மீ. அளவில் அறுத்த துண்டு போதும். பெரிய பக்கத்தை மேல்நோக்கி வைத்து, ஒரு முறைக்கு 0.25 மி.மீ. வீதம் சீவுங்கள். பித்தளைச் சீவல் சுருளாமல் ஊசியாகத் தெறிக்கும். இப்போது அந்தச் சீவிய பக்கத்தை அசையாத் தாடையோடு சேர்த்து, எதிர்ப்பக்கத்துக்கும் நகரும் தாடைக்கும் நடுவே மூன்று நூல் உருண்டைக் கம்பி ஒன்றை வைத்து இறுக்குங்கள். கம்பி ஒரே கோட்டில் அழுத்துவதால், அறுத்த பக்கம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சீவிய பக்கம் தாடையோடு ஒட்டி நிற்கும். மேலே சீவும் இரண்டாம் பக்கம் முதலாவதற்குச் சரியான செங்கோணமாக அமையும். பின்பு முதற்பக்கம் அதே தாடையில் இருக்க, இரண்டாம் பக்கத்தைக் கீழே இறக்கி அதன் எதிர்ப்பக்கத்தைச் சீவுங்கள். நான்காவதற்குக் கம்பியை எடுத்துவிட்டு, முதற்பக்கத்தை அடியில் ஒரே உயரமுள்ள இரண்டு சமக்கட்டைகளின் மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டுங்கள். அந்தக் கட்டைகள் விரலால் தள்ளியும் நகராமல் நின்றால் பொருள் முழுவதும் படிந்துவிட்டது. இரு முனைகளுக்கும் கட்டையை நிமிர்த்தி, மூலைமட்டத்தால் செங்குத்து பார்த்துப் பிடியுங்கள்.

அந்தக் கட்டையே தாழ்ப்பாள் நுழையும் கூடாகலாம். 12 மி.மீ. தாழ்ப்பாளுக்கு 12 மி.மீ. கட்டரால் ஒரே போக்கில் காடி எடுத்தால் கட்டர் விலகிக் காடி அகன்றுபோகும்; ஆகவே 10 மி.மீ. கட்டரால், ஒரு முறைக்கு அரை மி.மீ. ஆழமாக நடுவில் எடுத்து, பிறகு இருபுறமும் ஒவ்வொரு மி.மீ. சீவுங்கள். நிலையில் பொருத்தும்போது பித்தளை இறுக்கமாக இருந்தால் தேக்கில் உளி வைக்காதீர்கள். பழைய பள்ளத்தின் அளவை எடுத்துவந்து, கட்டையை மறுபடி வைஸில் பூட்டிப் பித்தளையையே குறையுங்கள்.