டர்போ போகவில்லை, ஹோஸ்தான் போயிருந்தது

ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது கியரில் அழுத்தினால் என் டீசல் கார் சீறிக்கொண்டு ஏறும். திடீரென்று இழுவையே இருக்காது. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி சரி. ஸ்கேனரில் பி0234 என்ற கோளாறு எண், அதாவது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) கொடுக்கும் அழுத்தம் அளவுக்கு மேல். ஒர்க்‌ஷாப்பில் "டர்போவையே மாத்திடுங்க சார்" என்றார்கள். தேய்ந்த டர்போவில் அழுத்தம் குறையத்தானே செய்யும்? கூடுகிறது என்றால் வேஸ்ட்கேட், அதாவது டர்போவைச் சுற்றும் புகையில் மிச்சத்தை வேறு வழியாக விட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு, திறக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

இந்த காரில் அதைத் திறப்பது டர்போவின் அழுத்தமேதான். சின்ன ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டர் என்ற டப்பாவுக்குப் போய், வேஸ்ட்கேட்டோடு இணைந்த ராடைத் தள்ளும். இன்ஜின் ஆறியதும் ஹோஸைக் கழற்றி, கேஜ் வைத்த ஹேண்ட் பம்பால் ஆக்சுவேட்டருக்குக் காற்று கொடுத்தேன். ராடு சிக்காமல் நகர்ந்தது, காற்றை விட்டதும் திரும்பியது. பிடித்து வைத்தபோது கேஜ் முள்ளும் இறங்கவில்லை, ஆக ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் (சவ்வு) கிழியவில்லை. மிச்சம் ஹோஸ். பார்வைக்குப் புதிதுபோலத்தான் இருந்தது. நிப்பிளில் மாட்டும் முனையை வளைத்தபோது அடிப்பக்கம் மீன் வாய் மாதிரி பிளந்தது; அழுத்தம் ஆக்சுவேட்டருக்குப் போகாமல் அங்கேயே கசிந்திருக்கிறது. சூடு தாங்கும் சிலிக்கான் ஹோஸ், புது கிளிப், அவ்வளவுதான் வேலை.

அப்புறம், ராடு முனையில் இருக்கும் நட்டைச் சும்மா திருகிப் பார்க்க வேண்டாம். கம்பெனி வைத்த அளவு கலைந்தால் கேஜ் இல்லாமல் திரும்ப வைக்க முடியாது.