பெரிய எண்களை ஒப்பிடச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாக வந்த ஆசிரியர்களின் கணக்கு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், பழைய ஆட்கள் நாங்கள் அடித்த அதே கூத்துதான் நடக்கிறது. காற்புள்ளியை விட்டுவிடுவது, ஏறுவரிசை கேட்டால் இறங்குவரிசை எழுதுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

"முதல் இலக்கத்தைப் பார்" என்று தொடங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். 7,352, 4,918 என்று பலகையில் எழுதி, "முதல் இலக்கத்தைப் பாருங்க, எது பெரிசு?" என்றால் வகுப்பே கத்தும். ஆசிரியருக்கும் திருப்தி. இரண்டும் நான்கு இலக்க எண்கள் என்பதால்தான் அந்த வழி பலித்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்புறம் 98,765, 1,02,340 கொடுத்தால் பிள்ளைகள் 98,765-ஐ வட்டமிடுகிறார்கள். ஒரு சிறுமி காரணமும் சொன்னாள்: "அதுல ஒன்பது, எட்டு, ஏழுன்னு இருக்கு மிஸ். இதுல எல்லாம் சின்னச் சின்ன நம்பரா இருக்கு."

உடனே சிலர் "இலக்கங்களை எண்ணு, அதிகம் இருப்பதுதான் பெரிசு" என்று அடுத்த குறுக்குவழிக்குத் தாவுவார்கள். முழு எண்களுக்குச் சரி. தசமம் வரும்போது அதே பிள்ளை 0.35-ஐ 0.5-ஐவிடப் பெரிது என்று எழுதும். அதை மாற்ற மேல்வகுப்பு ஆசிரியர் மாரடிக்க வேண்டும்.

இடமதிப்பிலிருந்தே தொடங்குங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒன்றுகளுக்கு நேர்கீழே ஒன்றுகள் வரும்படி இரண்டு எண்களையும் எழுத வையுங்கள். "98,765-க்கு இலட்சம் கட்டத்தில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் விழிப்பார்கள், விடுங்கள். விதியை அவர்களே சொல்வார்கள்.

முதலை வாய்

<, > குறிகளை, பெரிய எண்ணைத் தின்ன வாய் திறக்கும் முதலை என்று சொல்லித்தருவது. வேண்டாம். கதை நினைவிருக்கும், குறியை வாசிக்க வராது.

வாயில் வந்த எண்களைக் கொடுப்பது

நிஜ எண்கள் கிடக்கும்போது எதற்கு? மலைச் சிகரங்களின் உயரம்: தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். ஆயிரமும் நூறும் ஒன்றுதான், பத்துகளில்தான் தீர்ப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி 7,35,394, பெரம்பலூர் 5,65,223, அரியலூர் 7,54,894. வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள், சண்டையே வரும்.

ஐந்து எண்களை ஒரே மூச்சில் வரிசைப்படுத்தக் கேட்பது

ஒன்று காணாமல் போகும். வரிசையில் எழுதிய எண்ணைக் கேள்வியில் அடித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

பூஜ்ஜியத்தைத் தவிர்ப்பது

4,050, 4,500, 4,005. இந்த மூன்றே போதும், யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும்.