அசலைக் காட்டுகிறோம், வட்டியைச் சொல்வதில்லை: தொழில்நுட்பக் கடனைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இந்த நிரல் குப்பையாகக் கிடக்கிறது. இரண்டு ஸ்பிரின்ட் கொடுங்கள், சரிசெய்துவிடுகிறோம்.” திட்டமிடல் கூட்டத்தில் இப்படிச் சில வார வேலைச் சுற்றுகளை (ஸ்பிரின்ட்) கேட்கும் மென்பொருள் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரு புன்னகையும் “அடுத்த காலாண்டில் பார்க்கலாம்” என்ற பதிலும்தான் கிடைக்கும். குழு பொய் சொல்லவில்லை. ஆனால் எதிரே அமர்ந்திருக்கும், எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்யும் புராடக்ட் ஓனர் அதை வைத்து என்ன முடிவெடுக்க முடியும்? குப்பை என்பது நிரலைத் திறந்து பார்ப்பவரின் வருத்தம். அவர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தொழில்நுட்பக் கடன் என்ற உவமை பிறந்ததே இந்த இடைவெளியைக் கடக்கத்தான். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் வைகேஷ் என்ற முதலீட்டு மேலாண்மை மென்பொருளில் பணியாற்றியவர். அந்த அனுபவத்தைப் பற்றி 1992இல் எழுதிய அறிக்கையில்தான் இந்த உவமையைக் கையாண்டார். முழுமையாகப் புரிந்துகொள்ளும் முன்பே ஒன்றை வெளியிடுவது கடன் வாங்குவதைப் போன்றது; விரைவில் திருத்தி எழுதி அடைத்துவிட்டால் நல்லதே; அடைக்காவிட்டால், சரியாக அமையாத அந்த நிரலோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நிமிடமும் வட்டி. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதில் கனமான சொல் வட்டி. நாம் அதை விட்டுவிட்டு அசலை, அதாவது சரிசெய்ய ஆகும் செலவை, மட்டும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறோம்.

நிரலை ஆராய்ந்து குறைகளைப் பட்டியலிடும் சோனார்க்யூப் போன்ற கருவிகள் தரும் எண்ணை அப்படியே திரையில் காட்டுவது இந்த வகைத் தவறுதான். “எங்கள் கடன் 200 நாட்கள்” என்றால், அந்தக் கருவி சுட்டும் குறைகளைக் களைய அவ்வளவு நாள் பிடிக்கலாம் என்று பொருள். அவற்றால் வேலை எவ்வளவு தாமதமாகிறது என்பதை அந்த எண் சொல்லாது. மூன்று ஆண்டுகளாக யாருமே தொடாத ஒரு தொகுதி எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் அது ஏறக்குறைய வட்டியில்லாக் கடன். வாரந்தோறும் கைவைக்க வேண்டிய கட்டணக் கணக்கீட்டுக் கோப்பில் உள்ள சிறு குளறுபடியோ வட்டிமேல் வட்டி போடும். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றைப் புரட்டி, எந்தக் கோப்புகள் அடிக்கடி மாறுகின்றன, பிழைத் திருத்தங்கள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். அந்த 200 நாட்களில் பேசத் தகுந்தவை 15 நாட்களாகச் சுருங்கக்கூடும். 15 நாட்களைக் கேட்டு வாங்குவது எளிது.

சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் குழுக்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்டில் முடிக்கும் வேலைப் புள்ளிகள்) வரைபடத்தைச் சாட்சிக்கு அழைப்பது. கடன் ஏறினால் வெலாசிட்டி இறங்க வேண்டும் அல்லவா? பெரும்பாலும் இறங்காது. முன்பு 3 ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவைக் குறிக்கும் புள்ளி) என்று மதிப்பிட்ட அதே மாதிரி வேலையை, நிரலின் சிக்கலுக்குப் பயந்து இன்று 8 என்று மதிப்பிடுகிறார்கள். இதில் யாரும் ஏமாற்றவில்லை. மதிப்பீடு என்பதே அப்படித்தான். விளைவாக, ஸ்பிரின்டுக்கு 40 புள்ளிகள் என்ற கோடு ஆண்டு முழுவதும் நேராகவே ஓடுகிறது. ஆனால் அந்த 40 புள்ளிகளில் பயனருக்குப் போய்ச் சேர்வது பாதியாகியிருக்கிறது. “வெலாசிட்டி குறையவில்லையே, பிறகென்ன சிக்கல்?” என்று மேலாளர் கேட்டால் வாயடைத்துப் போவோம். புள்ளிகளை விட்டுவிட்டு நாட்களைச் சொல்லுங்கள். முதல் கட்டண முறையைச் சேர்க்க 4 நாட்கள் ஆயின, மூன்றாவதற்கு 11 நாட்கள் ஆயின, கூடுதலான 7 நாட்கள் எங்கே போயின என்று பிரித்துக் காட்டுங்கள். திட்டத்தில் இல்லாமல் இடையில் நுழைந்த அவசர வேலைகள் ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் எவ்வளவு நேரத்தைத் தின்றன என்பதும் நல்ல சான்று.

பிடிக்காத எல்லாவற்றுக்கும் கடன் என்று பெயர் சூட்டுவது இன்னொரு பழக்கம். பிழை பிழைதான். ஃப்ரேம்வொர்க் (மென்பொருளுக்கு அடித்தளமான ஆயத்த நிரல் தொகுப்பு) பழசாகிவிட்டது என்பது சில நேரம் கடன், சில நேரம் வெறும் ஆசை. இரண்டு முறை இப்படிக் கலந்து கேட்டால் மூன்றாவது முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பிறகு, பயமுறுத்தல். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரல் எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அங்கே ஆண்டுக்கணக்கில் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. கூட்டங்களில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் அமைதி நிலவும். அடுத்த நிமிடம், “நாம் பங்கு வர்த்தகம் செய்யவில்லையே” என்பார்கள். உங்களிடமும் அகற்றாத பழைய நிரலும், சரிபார்ப்பு இல்லாத வெளியீட்டு முறையும் இருந்தால் அவை இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் இந்தக் கதையை விட்டுவிடுங்கள். எல்லாம் இடிந்து விழும் என்று சொல்லி ஆறு மாதமாக எதுவும் விழாவிட்டால், புலி வருகிறது கதைதான்.

எங்கே சொல்கிறோம் என்பதும் முக்கியம். குழு தன் வேலைமுறையைத் தானே அலசும் ரெட்ராஸ்பெக்டிவ் கூட்டத்தில் மாதக்கணக்கில் புலம்புகிறோம். பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அங்கே இருப்பதில்லை. அவர்கள் வரும் ஸ்பிரின்ட் ரிவியூவிலோ (முடிந்த வேலையைக் காட்டும் கூட்டம்) புதிய திரைகளை மட்டும் காட்டி, தாமதத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. கடைசியில் வெளியீடு தள்ளிப்போன அன்று முதல்முறையாகக் கடனைப் பற்றிச் சொல்கிறோம். அன்று அது சாக்காகத்தான் ஒலிக்கும். முன்பு இருந்தவர்கள் சரியாக எழுதவில்லை என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் மோசம். அப்போது அவசரமாக எழுத ஒப்புதல் கொடுத்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

கேட்பதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறோம் என்பதற்குப் பதிலாக, தேர்வு செய்ய வழிகளைக் கொடுங்கள்: “அடுத்த கட்டண முறையை இப்படியே சேர்த்தால் 11 நாட்கள். முதலில் 6 நாட்கள் செலவிட்டுக் கணக்கீட்டைப் பிரித்தால், இதற்கும் இனி வருபவற்றுக்கும் தலா 5 நாட்கள் போதும் என்று மதிப்பிடுகிறோம். இனி எதுவும் வராது என்றால் பிரிக்கத் தேவையில்லை.” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லப் பல குழுக்கள் தயங்கும். ஓராண்டில் மூடப்போகும் மென்பொருளின் கடனை அடைக்காமல் விடுவதும் சரியான முடிவுதான். அதை நீங்களே சொன்னால் மற்றதை நம்புவார்கள்.

நேரம் கிடைத்து வேலையும் முடிந்த பிறகு பல குழுக்கள் அதைப் பற்றி மறந்தே போகின்றன. 5 நாட்கள் என்று சொன்னீர்கள். அடுத்த கட்டண முறைக்கு உண்மையில் எத்தனை நாட்கள் ஆயின? 7 ஆனாலும் அடுத்த ரிவியூவில் போய்ச் சொல்லுங்கள், ஏன் என்ற காரணத்தோடு.