பழைய ஜூம் லென்ஸா? எண்ணைக் கேமராவுக்குச் சொல்லிவிடுங்கள்

கேனான் எஃப்டி 70-210 போன்ற பழைய மேனுவல் ஜூமை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால், லென்ஸின் ஃபோகல் லெங்த் (எவ்வளவு ஜூம் என்று காட்டும் மி.மீ. எண்) 70-இல் இருக்கிறதா 210-இல் இருக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது. கேமரா பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைத் திருத்தும் வசதி) இருந்தால் மெனுவில் அந்த எண்ணை நாமே கொடுக்க வேண்டும். 210 என்று வைத்துவிட்டு 70-இல் எடுத்தால் அளவுக்கு மீறித் திருத்தி, கேமராவே படத்தைக் கலைத்துவிடும். ஒரு மாலை முழுக்க எனக்கு அப்படித்தான் போனது.

லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்து ஷட்டர் விழவே இல்லையென்றால், மெனுவில் லென்ஸ் இல்லாமலும் எடுக்கவிடும் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள்.

அப்புறம், இந்த லென்ஸில் வளையம் ஒன்றுதான்: இழுத்தால் ஜூம், திருப்பினால் ஃபோகஸ். பழசாகித் தளர்ந்திருந்தால், கேமராவைக் கீழே சாய்த்ததும் தானாக வழுக்கும். அகலமான ரப்பர் பேண்டை, பாதி வளையத்திலும் பாதி லென்ஸ் குழாயிலும் படும்படி மாட்டினால் நின்றுவிடும்.